டின் வந்து 48 வருஷம் கழித்து டின் ஓப்பனர்: முன்னால் வரவேண்டியது பின்னால் வந்த கதைகள்

#1 திருகாணி

நேற்று ராத்திரி என் டின் ஓப்பனரின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. நல்ல பசி, மணி பதினொன்று. ஸ்க்ரூடிரைவரை டின் விளிம்பில் நிறுத்தி, சுத்தியலால் ஒரு போடு போட்டேன். நுனி வழுக்கி இடது கட்டைவிரலைக் கிழித்தது. இரண்டாவது போடில் ஒரு ஓட்டை விழுந்தது, அதிலிருந்து சாறு சட்டையில் பீய்ச்சியது. மூன்றாவது போடுக்கு நான் தயாராக இல்லை.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு டின்னின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். பார்த்தால், நான் செய்ததுதான் அந்தக் காலத்து முறையாம்! லண்டனில் பீட்டர் டுராண்ட் தகர டின்னுக்குக் காப்புரிமை வாங்கியது 1810. அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் டின் ஓப்பனருக்குக் காப்புரிமை வாங்கியது 1858. நடுவில் 48 வருஷம். அதுவரை டின் மேலேயே 'உளியும் சுத்தியலும் கொண்டு மேல் விளிம்பை ஒட்டிச் சுற்றி வெட்டவும்' என்ற பொருளில் அச்சடித்து விற்றிருக்கிறார்கள். 1824-ல் வட துருவப் பக்கம் கப்பல் போன வில்லியம் பாரியின் டின்களில் இருந்ததும் இந்த வாசகம்தான்.

பூட்டு வந்து அரை நூற்றாண்டு கழித்து சாவி வந்த மாதிரி இருக்கிறது. இப்படி வரிசை தலைகீழான பொருள்கள் வேறு என்னென்ன உண்டு? தெரிந்ததை எழுதுங்கள்.

#2 ராத்திரி ஷிஃப்ட்

அண்ணே, முதல்ல டிடி ஊசி போட்டீங்களா? தகரம் கிழிச்சா சும்மா விடக்கூடாது.

என் பங்குக்கு ஒண்ணு: சிகரெட் லைட்டர் மாதிரி ஒரு சாதனம் வந்தது 1823. தீக்குச்சி வந்தது 1826. லைட்டர்தான் அண்ணன், தீக்குச்சி தம்பி.

#3 சந்தேகப்பிராணி

வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், திருகாணி சார். தலைப்பில் இருக்கும் 48 தப்பு. இங்கிலாந்தில் ராபர்ட் யேட்ஸ் 1855-லேயே டின் ஓப்பனர் செய்துவிட்டார். நகம் மாதிரி வளைந்த கத்தி, அதைக் கையால் அழுத்தி அறுத்துக்கொண்டே போக வேண்டும். எனவே 45 வருஷம். வார்னருடையது அமெரிக்கக் கணக்கு.

இன்னொன்று, 'ஓப்பனர் கண்டுபிடிக்க 45 வருஷம் யாருக்கும் மூளை வேலை செய்யவில்லை' என்று இதைப் படிக்கக் கூடாது. ஆரம்பகால டின் கனமான இரும்புத் தகடு. சில டின்கள் உள்ளே இருந்த சரக்கைவிட அதிக எடை. அதைக் கைக்கருவி எதுவும் கிழித்திருக்காது. தகடு மெலிந்த பிறகுதான் ஓப்பனருக்கே வேலை வந்தது. அப்படியும் வார்னருடைய கருவி பயமுறுத்துகிற மாதிரிதான் இருந்தது, பாதி அரிவாள், பாதி துப்பாக்கி முனைக் கத்தி. அதனால் மளிகைக் கடைக்காரரே திறந்து கொடுத்துவிடுவார், வாங்கியவர் திறந்த டின்னை ஏந்திக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். சின்னச் சக்கரம் விளிம்போடு உருண்டு வெட்டுகிற வகை 1870-ல் வில்லியம் லைமன் கொண்டுவந்தது.

#4 திருகாணி

ஊசி போட்டாச்சு தம்பி. 45-ஐ ஒத்துக்கொள்கிறேன் சார். தலைப்பைத் திருத்தப் பார்க்கிறேன்.

#5 சாக்பீஸ்

டின் விஷயத்தில் இன்னொரு தலைகீழ் இருக்கிறது, அதுதான் எனக்கு ஓப்பனரைவிடப் பெரிதாகப் படுகிறது. உணவைப் பாத்திரத்தில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கொதிநீரில் வேகவைத்தால் கெடாது என்று கண்டுபிடித்தவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். அவர் பயன்படுத்தியது கண்ணாடிப் புட்டி. பிரெஞ்சு அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது, 1810-ல் முறையை விளக்கிப் புத்தகமும் போட்டார்.

ஆனால் ஏன் கெடவில்லை என்று அவருக்குத் தெரியாது! அவருக்கு மட்டுமில்லை, அப்போது யாருக்கும் தெரியாது. காற்றை வெளியேற்றியதால்தான் என்று நம்பினார்கள். கெடுப்பது நுண்ணுயிர், சூடு அதைக் கொல்கிறது என்று லூயி பாஸ்டர் நிரூபித்தது 1860களில். ஐம்பது வருஷம் காரணம் தெரியாமலேயே டின் அடைத்து, கப்பல் கப்பலாக ஏற்றிச் சாப்பிட்டிருக்கிறார்கள். பரீட்சையில் விடை சரி, வழிமுறை தப்பு என்றால் நாங்கள் பாதி மதிப்பெண் போடுவோம். அப்பேருக்கு முழு மதிப்பெண்.

#6 மூக்குக்கண்ணாடி

என் புனைப்பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் என்ன எழுதப்போகிறேன் என்று.

கண்ணாடி இத்தாலியில் வந்தது ஏறக்குறைய 1280களின் கடைசியில். இது எப்படித் தெரியும் என்றால், பீசா நகரத்துப் பாதிரியார் ஜியோர்தானோ 1306 பிப்ரவரியில் ஒரு பிரசங்கத்தில், கண்ணுக்கு உதவும் இந்தக் கலை வந்து இன்னும் இருபது வருஷம்கூட ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறார். சரி. அதைக் காதில் மாட்டும் கம்பி எப்போது வந்தது? 1720களின் கடைசியில். லண்டனில் எட்வர்ட் ஸ்கார்லெட் என்ற கண்ணாடிக்காரர் பக்கவாட்டுக் கம்பி வைத்து விற்றார்.

நானூறு வருஷத்துக்கும் மேல் இடைவெளி! அதுவரை மூக்கில் கவ்வ விட்டார்கள், கையில் பிடித்துக்கொண்டார்கள், நாடாவால் தலையில் கட்டிக்கொண்டார்கள். மண்டைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கு இரண்டு காது சும்மா இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

நம்பிக்கையில்லாதவர்கள் இப்போதே கண்ணாடியின் இரண்டு கம்பியையும் மடக்கிவிட்டு மூக்கில் நிறுத்திப் படித்துப் பாருங்கள். நான் செய்து பார்த்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தால் ஒரு நிமிஷம் தாங்குகிறது. புத்தகத்தைப் பார்க்கக் குனிந்தால் மடியில் விழுகிறது. படிப்பதற்காகவே செய்த பொருள், படிக்கக் குனிந்தால் விழும்.

தமிழில் நாம் இதை மூக்குக்கண்ணாடி என்றுதான் சொல்கிறோம், காதுக்கண்ணாடி என்று சொல்வதில்லை. நானூறு வருஷம் பாரம் சுமந்த மூக்குக்கு அந்த மரியாதையாவது கிடைத்ததே.

#7 மூக்குக்கண்ணாடி

விட்டுப்போனது ஒன்று. கண்ணாடி போட்ட ஆளை வரைந்த மிகப் பழைய ஓவியம் 1352-ல் இத்தாலியின் திரெவீசோ நகரில் தொம்மாசோ தா மோதெனா வரைந்த சுவரோவியம். அதில் மூக்கில் கண்ணாடியைக் கவ்வவிட்டு எழுதிக்கொண்டிருப்பவர் கர்தினால் ஹியூ. அவர் இறந்தது 1263. அதாவது கண்ணாடி என்ற பொருளே வருவதற்கு முன்னால். உலகத்தில் முதன்முதலாகக் கண்ணாடியோடு படத்தில் நிற்கும் மனிதர் தன் வாழ்நாளில் கண்ணாடியைப் பார்த்ததே இல்லை.

#8 ராத்திரி ஷிஃப்ட்

#7 படிச்சு ரெண்டு நிமிஷம் சிரிச்சேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னன்னு கேட்டார், விளக்கினேன், அவர் சிரிக்கல.

#9 சந்தேகப்பிராணி

> ராத்திரி ஷிஃப்ட் எழுதியது: லைட்டர்தான் அண்ணன், தீக்குச்சி தம்பி.

வருஷம் சரி, ஆனால் அதை லைட்டர் என்று சொன்னதும் எல்லோரும் சட்டைப்பையில் போடுவதை நினைத்துக்கொள்வார்கள். 1823-ல் ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனர் செய்தது மேஜை மேல் நிற்கும் ஒரு ஜாடி. உள்ளே நீர்த்த கந்தக அமிலம், அதில் முங்கும் துத்தநாகத் துண்டு. இரண்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும். குழாயைத் திறந்ததும் அந்த வாயு பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மேல் பாயும், பிளாட்டினம் பழுத்துச் சிவக்கும், வாயு தீப்பிடிக்கும். சிகரெட் பற்றவைக்க மேஜையில் அமிலமும் ஹைட்ரஜனும்! ஆனாலும் நன்றாகவே விற்றது.

தீக்குச்சி வந்த விதம் வேறு. இங்கிலாந்தில் ஸ்டாக்டன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1826-ல் கண்டுபிடித்தார், 1827-ல் விற்றார். காப்புரிமை வாங்கவில்லை. லண்டனில் சாமுவேல் ஜோன்ஸ் என்பவர் அதை அப்படியே எடுத்து 'லூசிஃபர்' என்று பேர் வைத்துக் காசு பார்த்தார்.

#10 சாக்பீஸ்

தீக்குச்சியில் பாதுகாப்புதான் கடைசியாக வந்தது. 1830களிலிருந்து குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் வைத்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும், அது வசதி. ஆனால் தொழிற்சாலையில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குத் தாடை எலும்பே அழுகியது. 1888-ல் லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தது சரித்திரப் பிரசித்தம். வெள்ளைப் பாஸ்பரஸை விலக்க நாடுகள் பெர்ன் நகரில் ஒப்பந்தம் போட்டது 1906.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஸ்வீடனில் குஸ்தாஃப் எரிக் பாஷ் 1844-லேயே பாதுகாப்பான தீக்குச்சிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். விலை கூடுதல் என்பதால் விஷம் அறுபது வருஷம் ஓடியது.

இப்போது நாம் வைத்திருப்பது பாஷ் வழி வந்ததுதான். குச்சி முனையில் பாஸ்பரஸ் கிடையாது. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பழுப்புப் பட்டையில்தான் சிவப்புப் பாஸ்பரஸ். தீயைப் பாதி குச்சியிலும் பாதி பெட்டியிலும் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெட்டி நனைந்துபோனால் குச்சி காய்ந்திருந்தும் பிரயோஜனம் இல்லாமல் போவது இதனால்தான்.

#11 கணக்குப்பிள்ளை

வணக்கம். நெடுநாள் வாசகன், முதல் பதிவு.

நாள் முழுக்க கால்குலேட்டர் தட்டுகிற ஆள் நான். கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். அதே விரல் போனில் ஓடிபி அடித்தால் தப்பாகப் போகிறது. 7 அடிக்க நினைத்தால் 1 விழும். வயசாகிவிட்டதோ என்று கவலைப்பட்டேன். பிறகு ஒருநாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கால்குலேட்டரில் மேல் வரிசை 7 8 9. போனில் மேல் வரிசை 1 2 3. இத்தனை வருஷம் இது என் கண்ணில் படவில்லை!

இதற்கும் முன் பின் கதை உண்டு. கூட்டல் இயந்திரங்களில் 1910களிலேயே 7 8 9 மேலே, 0 கீழே என்று பழகிவிட்டது. போனில் பொத்தான் வைக்கலாம் என்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் யோசித்தது 1950களின் கடைசியில். கால்குலேட்டர் வரிசையை அப்படியே எடுக்காமல், வட்டமாக, இரண்டு வரிசையாக, பலவிதமாக அடுக்கி ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். 1960-ல் முடிவை வெளியிட்டார்கள், 1 2 3 மேலே இருக்கும் வரிசை நிலைத்தது. பொத்தான் போன் விற்பனைக்கு வந்தது 1963 நவம்பர். அப்போது பத்தே பொத்தான். நட்சத்திரமும் (*) வேலிக்குறியும் (#) 1968-ல்தான் சேர்ந்தன.

முந்தியவருக்கு ஒரு வரிசை, பிந்தியவருக்கு ஒரு வரிசை. நடுவில் மாட்டிக்கொண்டது என் விரல்.

#12 ராத்திரி ஷிஃப்ட்

வாங்க கணக்குப்பிள்ளை சார். கம்ப்யூட்டர் கீபோர்டு வலது ஓரத்துலயும் 7 8 9தான் மேலே. இப்பதான் குனிஞ்சு பார்த்தேன். தினமும் எட்டு மணி நேரம் இதைத்தான் தட்டுறேன்.

#13 பஞ்சர் பார்ட்டி

டயர் மேட்டரை நான் சொல்லலன்னா யார் சொல்றது.

காத்தடிச்ச டயரைக் கண்டுபிடிச்சவர் டன்லப்னுதான் எல்லாரும் சொல்வோம். 1888, பெல்ஃபாஸ்ட், மகனோட மூணு சக்கர சைக்கிளுக்காக. ஆனா அதுக்கு 43 வருஷம் முன்னாடி, 1845-ல ராபர்ட் வில்லியம் தாம்சன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் அதே விஷயத்துக்குக் காப்புரிமை வாங்கிட்டார். அப்ப பெடல் வெச்ச சைக்கிள் ஓடல, அது 1860கள்லதான் கிளம்புது. கார் அதுக்கும் பின்னாடி. அவர் டயரை எதுல மாட்டினார்னா குதிரை வண்டில! 1847-ல லண்டன் ரீஜண்ட் பார்க்ல ஓட்டிக் காமிச்சார். ஒரு செட் டயர் 1,200 மைல் ஓடுச்சாம்.

அப்புறம் எல்லாரும் மறந்துட்டாங்க. ரப்பர் விலை ஒரு பக்கம், தேவையும் இல்ல இன்னொரு பக்கம். டன்லப்புக்கே தாம்சனைப் பத்தித் தெரியாது. அவர் காப்புரிமை வாங்கி, கம்பெனி ஆரம்பிச்ச பிறகுதான் 'ஐயா, இது ஏற்கனவே ஒருத்தர் பண்ணது, உங்க காப்புரிமை செல்லாது'ன்னு சொன்னாங்க. தாம்சன் அதுக்குள்ள செத்துப்போயிட்டார். பேர் மட்டும் டன்லப்புக்கு.

#14 திருகாணி

பஞ்சர் தம்பி, சைக்கிளுக்கு முன்னால் டயர் என்பதை என் மூளை இன்னும் ஏற்கவில்லை. இந்த இழை இவ்வளவு ஓடும் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் இன்னொன்று சேர்க்கிறேன்: ஃபேக்ஸ். போனுக்குப் பின்னால் வந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அலெக்சாண்டர் பெயின் என்ற ஸ்காட்லாந்து கடிகாரக்காரர் கம்பி வழியாகப் படம் அனுப்பும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியது 1843. பெல் தொலைபேசிக்கு வாங்கியது 1876. முப்பத்து மூன்று வருஷம்! சரி, அது காகிதத்தில் இருந்திருக்கும் என்று பார்த்தால், இத்தாலிக்காரர் கசெல்லியின் கருவியை வைத்து பாரிஸ்–லியோன் நகரங்களுக்கு இடையே 1865-ல் பொதுச் சேவையே நடந்திருக்கிறது. 'ஹலோ' சொல்ல முடியாத காலத்தில் கையெழுத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

#15 மூக்குக்கண்ணாடி

பென்சிலை யாரும் தொடவில்லையே. சுவிஸ் அறிஞர் கொன்ராட் கெஸ்னர் பென்சிலைப் படம் போட்டு விவரித்தது 1565. ரப்பர் அழிக்கும் என்று ஜோசப் ப்ரீஸ்ட்லி எழுதியது 1770. நடுவில் 205 வருஷம் எதை வைத்து அழித்தார்கள்? ரொட்டித் துண்டு. பிய்த்து உருட்டி, காகிதத்தில் தேய்ப்பார்கள். தப்பு அதிகம் செய்பவருக்கு மிச்ச ரொட்டி குறைவு.

இதில் அந்தப் பேரும்கூடத் தலைகீழ். மரத்துப் பாலிலிருந்து வரும் அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ரப்பர்' என்று பேர் வந்ததே பென்சிலைத் தேய்த்து அழித்ததால்தான். 'தேய்ப்பான்' என்று அர்த்தம். டயர், செருப்பு, பந்துக்கெல்லாம் அந்தப் பேர் போனது பின்னால்தான். எனவே பள்ளிக்கூடப் பிள்ளை 'ரப்பர் குடு' என்று கேட்பதுதான் மூல அர்த்தம் மாறாத பிரயோகம். ரப்பர் மரம் என்பதுதான் ஒட்டுப்பேர்.

பேனா என்பதும் அப்படித்தான். போர்ச்சுகீசில் 'பெனா' என்றால் இறகு. இறகை மையில் தொட்டு எழுதிய காலம் போய்விட்டது, இறகு என்ற பேர் மட்டும் பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கிறது. பேனாக்கத்தி என்கிறோமே, அந்தக் கத்தி எதைச் சீவ? இறகு முனையைச் சீவத்தான்.

#16 சாக்பீஸ்

பென்சில் முனையில் ரப்பர் ஒட்டிய கதையை விட்டுவிட்டீர்களே. 1858-ல் ஹைமன் லிப்மன் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ரெக்கண்டார்ஃபர் என்பவர் ஒரு லட்சம் டாலர் கொடுத்து அதை விலைக்கு வாங்கி, ஃபேபர் பென்சில்காரர்கள் மேல் வழக்குப் போட்டார். 1875-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: பென்சிலும் ஏற்கனவே இருந்தது, ரப்பரும் ஏற்கனவே இருந்தது, இரண்டையும் ஒட்டியது கண்டுபிடிப்பு ஆகாது. போச்சு லட்சம்.

என் வகுப்பில் அந்த ரப்பரை முதல் வாரத்திலேயே கடித்துத் துப்பிவிடுவார்கள்.

#17 நிலாமுற்றம்

பென்சில் என்றதும் ஞாபகம் வந்தது, வாட்ஸப்பில் வந்தது: விண்வெளியில் எழுதும் பேனாவுக்கு நாசா கோடிக்கணக்கில் செலவழித்ததாம், ரஷ்யர்கள் சும்மா பென்சிலை எடுத்துக்கொண்டு போனார்களாம். எளிமையே அழகு!

#18 சந்தேகப்பிராணி

இதை எதிர்பார்த்தேன். எந்த இழையிலும் இருபதாவது பதிவுக்குள் வந்துவிடும்.

அம்மா, அது நடக்கவே இல்லை. ஆரம்பத்தில் நாசாவும் பென்சில்தான் கொண்டுபோனது. 1965-ல் வாங்கிய 34 பென்சில் ஒவ்வொன்றும் 128 டாலர் 89 செண்ட் என்று தெரிந்ததும் அமெரிக்காவில் பெரிய கூச்சல். பேனாவைச் செய்தவர் பால் ஃபிஷர், தன் கம்பெனிக் காசில். நாசா பணம் கொடுத்துச் செய்யச் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு ஏறக்குறைய 400 பேனாவை மொத்த விலையில் வாங்கினார்கள், 1968-ல் அப்போலோ 7-ல் போனது. 1969-ல் சோவியத்காரர்களும் அதே பேனாவில் 100 வாங்கினார்கள்.

பென்சில் ஏன் வேண்டாம் என்றால், எடையில்லாத இடத்தில் உடைந்த முனை கீழே விழாது, மிதக்கும். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். மின்கருவிக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மரமும் கரியும் எரியவும் எரியும்.

#19 நிலாமுற்றம்

ஐயோ, இதை நான் மூன்று குரூப்புக்கு அனுப்பிவிட்டேன். மறுப்பையும் அனுப்பட்டுமா?

#20 சந்தேகப்பிராணி

அனுப்புங்கள். ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

#21 மட்டுறுத்துநர்

இழை விலகுகிறது. வரிசை மாறிய பொருள்களுக்குத் திரும்பவும். விண்வெளிக்குத் தனி இழை இருக்கிறது.

#22 பஞ்சர் பார்ட்டி

சார் கோவிச்சுக்காதீங்க, விண்வெளியும் இதுல வருது. மனுஷன் நிலாவுல கால் வெச்சது 1969 ஜூலை. பெட்டிக்கு அடியில சக்கரம் வெக்கணும்னு பெர்னார்ட் சாடோவுக்குத் தோணுனது 1970. விமான நிலையத்துல ரெண்டு கனமான பெட்டியைத் தூக்கிட்டு வந்தப்ப ஒருத்தன் சக்கரப் பலகையில இயந்திரத்தை வெச்சு சுளுவா தள்ளிட்டுப் போறதைப் பார்த்தார். 1972-ல காப்புரிமை. அதுவும் படுக்கவாட்டுல, வார்ல கட்டி நாய்க்குட்டி மாதிரி இழுக்கறது. திருப்பத்துல சாஞ்சுரும். நாம இப்ப இழுக்கற நீட்டுக் கைப்பிடிப் பெட்டி 1987-ல, ராபர்ட் ப்ளாத்னு ஒரு விமானி பண்ணது.

#23 சாக்பீஸ்

சாடோ அதைக் கடை கடையாகக் கொண்டுபோனபோது யாரும் வாங்கவில்லை. ஆண்பிள்ளை பெட்டியை இழுத்துக்கொண்டு போவானா, தூக்கத்தானே செய்வான் என்று நினைத்தார்கள் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த இழையை முதலிலிருந்து படித்தால் ஒன்று கண்ணில் படுகிறது. அவஸ்தை வேறு யாருக்கோ இருந்த வரைக்கும் சாமான் வரவில்லை. டின்னை உளியால் வெட்டியது மாலுமியும் சிப்பாயும். தாடை அழுகியது கூலிப் பெண்களுக்கு. பெட்டியைத் தூக்க ரயில் நிலையத்தில் சுமைகூலி இருந்தார். விமான நிலையத்தில் பயணியே அரை மைல் தூக்கி நடக்க வேண்டி வந்ததும் சக்கரம் வந்துவிட்டது.

#24 சந்தேகப்பிராணி

பாதி ஒத்துக்கொள்கிறேன், டீச்சர். கண்ணாடி இடிக்கிறது. அதைப் போட்டவர்கள் கர்தினாலும் பாதிரியாரும், அவர்கள் மூக்குதான் வலித்தது. நானூறு வருஷம் பொறுத்துக்கொண்டார்கள்.

என் பங்குக்கு ஒரு சோகக் கதை, பார்கோடு. அமெரிக்காவில் நார்மன் உட்லண்ட் கடற்கரை மணலில் மோர்ஸ் தந்திக் குறியின் புள்ளியையும் கோட்டையும் விரலால் கீழ்நோக்கி இழுத்தபோது தோன்றிய யோசனை. அவரும் பெர்னார்ட் சில்வரும் சேர்ந்து வாங்கிய காப்புரிமை 1952. படிக்கக் கருவி? 500 வாட் பல்பை வைத்து முயன்றார்கள், காகிதம் புகைந்தது. லேசர் வந்தது 1960. சில்வர் இறந்தது 1963. காப்புரிமை காலாவதியானது 1969. கடையில் முதல் பொருளை ஸ்கேன் செய்தது 1974 ஜூன் 26, ஒஹையோ மாகாணம் ட்ராய் ஊரில், ஒரு சூயிங்கம் பொட்டலம். கோடு 22 வருஷம் கண்ணுக்காகக் காத்திருந்தது.

#25 கணக்குப்பிள்ளை

கட்டிடத்திலும் ஒருவர் இப்படி முந்திக்கொண்டார். நியூயார்க்கில் பீட்டர் கூப்பர் 1853-ல் கல்லூரிக் கட்டிடம் எழுப்பத் தொடங்கினார். ஆள் ஏறும் லிஃப்ட் ஒரு கட்டிடத்தில் முதலில் வேலைக்கு வந்தது 1857, அதே ஊரில் ஒரு கடையில். கூப்பர் அதற்கு முன்பே, எப்படியும் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று நம்பி மாடிமாடியாகக் குழி விட்டுவைத்தார். வட்டமாக! வட்டம்தான் சிக்கனமான வடிவம் என்பது அவர் கணக்கு. லிஃப்ட் வந்தது, சதுரமாக. பிறகு அந்தக் குழிக்கென்று தனியாக வட்ட லிஃப்ட் செய்ய வேண்டியதாயிற்று.

#26 ராத்திரி ஷிஃப்ட்

முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3, 'மெர்ரி கிறிஸ்துமஸ்'. நீல் பாப்வொர்த் அதைக் கம்ப்யூட்டர்லேருந்து அனுப்பினார். ஏன்னா போன்ல டைப் பண்ணி அனுப்பற வசதியே அப்ப இல்ல. வாங்கினவரால பதில் போட முடியல. முதல் மெசேஜே ப்ளூ டிக் மாதிரி ஆயிருச்சு.

#27 சாக்பீஸ்

எஸ்எம்எஸ் என்றால் தமிழ்க்காரர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 160 எழுத்து என்ற எல்லையை 1985-ல் முடிவு செய்தவர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லப்ராண்ட் என்ற ஜெர்மானியர். டைப்ரைட்டரில் தோன்றிய வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார், பெரும்பாலும் 160-க்குள் அடங்கியது. யாரும் இன்னும் அனுப்பாத செய்திக்கு நீளம் முதலில் வந்துவிட்டது.

ஆனால் அவர் எண்ணியது ஒரு எழுத்துக்கு 7 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கணக்கில். தமிழுக்கு 16 பிட் வேண்டும், ஆகவே 70-தான். அந்த எழுபதும் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. 'மகிழ்ச்சி' என்பதில் நமக்கு ஐந்து எழுத்து: ம, கி, ழ், ச், சி. போனுக்கு ஒன்பது, ஏனென்றால் புள்ளியையும் கொக்கியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஏழு மகிழ்ச்சி அனுப்பலாம், எட்டாவது அடுத்த மெசேஜில்தான் போகும். ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒரே ஒரு ஸ்மைலி போட்டால் எல்லை 70-க்கு இறங்கிவிடும்.

#28 மூக்குக்கண்ணாடி

ஏழுக்கு நடுவே இடைவெளி விட்டால், டீச்சர்? ஏழு சொல் 63, இடைவெளி 6, மொத்தம் 69. ஒன்று மிச்சம்.

#29 சாக்பீஸ்

அதில் ஒரு ஆச்சரியக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

#30 திருகாணி

புது ஓப்பனர் வாங்கிவிட்டேன், லைமனுடைய சக்கர வகை. அந்த டின்னையும் திறந்தாயிற்று. ஸ்க்ரூடிரைவர் ஓட்டை போட்ட இடத்தில் சக்கரம் இடறியது, அங்கே மட்டும் இடுக்கியால் பிய்த்தேன். உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டேன், இரண்டு நாள் திறந்து கிடந்தது, பாஸ்டர் சொன்னதை நம்புகிறேன்.

மட்டுறுத்துநர் அவர்களுக்கு: தலைப்பில் 48-ஐ 45 ஆக்க வேண்டும். எனக்குத் திருத்தும் பொத்தான் காட்டவில்லை.

#31 மட்டுறுத்துநர்

தலைப்பைத் திருத்த முதல் 24 மணி நேரம்தான். நேரம் தாண்டிவிட்டது.

#32 சந்தேகப்பிராணி

பரவாயில்லை. #3-ஐப் படிப்பவர்கள் தெரிந்துகொள்வார்கள்.